அட்டை மூலையில் ஒரு பென்சில் எழுத்து

தொண்ணூறுகளின் நடுவில் யாராவது என்னிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், கைப்பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக் காட்டுவேன். அவ்வளவு கர்வம் எனக்கு. அதற்குள் நான் சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி இருந்தது. விவரங்களை டேபிள்களில் போட்டு வைக்க, தேட, ஒரு டேபிளை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்க என்று மொத்தமே ஏழு ஃபங்ஷன்கள். புரோகிராம் எழுதுகிற எவரும் அதைத் தன் புரோகிராமோடு சேர்த்துக்கொள்ளலாம். பெரிய டேட்டாபேஸ் எதுவும் வாங்க வேண்டாம். ஃப்ளாப்பியில் பாதிகூட அது நிறையாது.

எழுதி முடித்ததும் எதையாவது அதில் ஏற்றிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. கோயமுத்தூரில் எங்கள் வீட்டுப் பாத்திரங்களை ஒரு டேபிளிலும், அவை இருக்கும் அலமாரிகளை இன்னொன்றிலும் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். “பணியாரக்கல்லு எங்கிருக்குதுன்னு என்னைய கேட்டா சொல்லமாட்டனா அம்மணி?” என்றார் அம்மா. அவருக்கு அதில் இருந்த அழகு புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்துக் கிடைத்தது வெள்ளகோவிலில் ஒரு மோட்டார் கடை. கடைக்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு, அண்ணன் முறை. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்களை விற்பார், பழுது பார்ப்பார். ஒவ்வொரு போருக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். விவசாயியின் பெயர், ஊர், எத்தனை அடி ஆழம், எத்தனை பைப் இறக்க வேண்டும், எத்தனை குதிரைத்திறன் மோட்டார். யாருக்காவது மோட்டார் எரிந்துவிட்டால் அட்டையைப் பார்த்து அதற்குத் தோதான மாற்று மோட்டாரோடு ஆட்களை அனுப்புவார். எண்ணிப் பார்த்து மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் என்றார். பார்த்ததும் எனக்கு நாக்கில் நீர் ஊறாத குறை.

விவசாயிகளுக்கு ஒரு டேபிள், போர்களுக்கு ஒன்று. பெயரையும் ஊரையும் சேர்த்து அடையாளமாக வைத்தேன். அதே அடையாளத்தோடு இன்னொரு அட்டை வந்தால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும்படி லைப்ரரியில் ஏற்கெனவே செய்திருந்தேன். மோட்டார் மாற்றியவரின் புது விவரம் தானாகவே பழையதன் இடத்தில் வந்துவிடும், யாரையும் கேட்டுத் தொந்தரவு செய்யாது. அந்த ஒரு வரியை எழுதிய அன்று எனக்கு நானே காபி போட்டுக் குடித்தேன்.

கடைக்கு ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்க வைத்து, நான்கு நாள் உட்கார்ந்து ஏற்றினேன். அட்டைகளின் மூலையில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. கடைக்காரரின் சொந்தக் குறிப்பு என்று விட்டுவிட்டேன். முடிவில் கம்ப்யூட்டர் முந்நூற்று அறுபத்தொரு பேர் என்றது. ஐம்பத்தொரு பேர் எங்கே போனார்கள்? எனக்கும் கேள்வி வந்தது, வராமல் இல்லை. ஆனால் அண்ணன் அட்டைகளைத் தப்பாக எண்ணியிருப்பார் என்று முடிவுகட்டினேன். என் புரோகிராமைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அண்ணன் போன் செய்தார். “ஏனம்மணி, கம்ப்யூட்டர் சொன்னபடிதான் பைப் எறக்குனோம். மோட்டார் எரிஞ்சுபோச்சு. நீ வந்து பாரு.”

மறுநாள் காலை நான் பஸ்ஸில் போய் இறங்கியபோது அந்த மோட்டாருக்குச் சொந்தக்கார விவசாயி கடையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம் திரண்டுகொண்டிருக்கிற நேரம். ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை. பழுதான மோட்டாரை மாற்ற அவருடைய போரிலிருந்து பதினாறு பைப்பைக் கழற்றிய ஆட்கள், என் புரோகிராம் அச்சடித்த சீட்டில் ஒன்பது என்று இருந்ததால் ஒன்பதை மட்டும் இறக்கியிருக்கிறார்கள். பாக்கி ஏழும் அவர்கள் கண்ணெதிரே தோட்டத்துக் களத்தில் கிடந்திருக்கின்றன. மோட்டார் தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் ஓடிக் கருகிவிட்டது.

“நானும் கேட்டனுங்க. கம்ப்யூட்டர்லயே வந்திருக்குதுன்னாங்க. செரி, ஊத்து மேல ஏறியிருக்குமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டனுங்க” என்றார். பிறகு மானிட்டரைப் பார்த்துக் கேட்டார், “ஏனுங்க அம்மணி, இந்த மிஷினுக்குள்ள நானு இருக்கறனுங்களா?”

பெயரையும் ஊரையும் தட்டினேன். நூற்றெண்பது அடி, ஒன்பது பைப்.

“இது எங்க சித்தப்பா பையனுங்க. எங்க தாத்தன் பேரு. எங்க பங்காளிகள்ல மூணு பேருக்கு அதே பேருதானுங்க.”

எனக்கு முகம் சுட்டது. இனி வேண்டாம் என்று சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்த அட்டைகளை இறக்கித் தேடினேன். ஒரே பெயரில், ஒரே ஊரில் மூன்று அட்டைகள். மூலையில் பென்சிலால் ‘மேக்கால தோட்டம்’, ‘கெணத்துக்காடு’, ‘வேலாங்காடு’. தாத்தா பெயரைப் பேரன்களுக்கெல்லாம் வைக்கிற ஊரில் ஆளை அடையாளம் காட்டுவது தோட்டம்தான். கடைக்காரருக்கு அது சொல்லாமலே தெரியும். நான் கேட்கவே இல்லை. நான் மெச்சிக்கொண்ட அந்த ஒரு வரி, ஐம்பத்தொரு பேரைச் சத்தமில்லாமல் அழித்திருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த விவசாயி ஒரு வார்த்தை திட்டாமல் இருந்தது தாங்க முடியவில்லை.

அவ்வளவு ஆழத்துக்கான மாற்று மோட்டார் கையிருப்பில் இல்லை. எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்க இன்னும் ஆறு நாள் ஆயிற்று.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போனேன். இப்போது லைப்ரரி எதையும் தானாக அழிக்காது. ஒரே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் நின்று கேட்கும். தோட்டத்துக்கும் ஓர் இடம் வைத்திருந்தேன். அட்டைகளை முதலிலிருந்து ஏற்றி முடித்தபோது நானூற்றுப் பன்னிரண்டும் வந்தன. அண்ணன் சரியாகத்தான் எண்ணியிருந்தார்.

அன்று அந்த விவசாயியும் எதற்கோ கடைக்கு வந்திருந்தார். நானே கூப்பிட்டு மானிட்டரைக் காட்டினேன். மூன்று பேரும் ஒருவர் கீழ் ஒருவராக வந்தார்கள். அவர் குனிந்து விரலை வைத்து, மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

“வேலாங்காடு. பதினாறு பைப்பு. இப்ப நானு இருக்கறனுங்க” என்றார், நிஜமான சந்தோஷத்தோடு.

“வெங்காயம் எப்படிங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“காஞ்சுபோச்சுங்க. அது இல்லீங்க” என்றார்.