அண்ணியின் வேனும் என் விலைப் பலகையும்

நாத்தனார் வாயால் அண்ணியைப் புகழ்ந்து கேட்டவர்கள் குறைவு. நானும் அந்தப் பெயரை வாங்க ஆசைப்பட்டவள் இல்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வருஷம் நாங்கள் எலியும் பூனையுமாகத்தான் இருந்தோம். ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் அடக்கிவைக்க என் வாய்க்குப் பழக்கமில்லை.

நான் ஒரு பெட்ரோல் பங்க்கில் பில் போடுகிறேன். காலை ஆறு மணிக்குப் பங்க் திறக்கும். அதற்குள் வாசலில் நிற்கும் பலகையில் அன்றைய விலையை மாட்டுவதும் என் பொறுப்பு. எண் எழுதிய தகடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கும். ஏணியில் ஏறிப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். இந்தக் கதை நடந்த வருஷம் நான் ஏணி ஏறாத வாரமே இல்லை. என்னவோ நானே உட்கார்ந்து விலையை ஏற்றுகிற மாதிரி வருகிறவர் போகிறவர் எல்லாரும் என்னைத்தான் முறைப்பார்கள். அண்ணியும் விடமாட்டாள்.

"தகடு உன் கையிலதானே இருக்கு? ஒரு நாளாவது கை தவறி இறக்கி மாட்டிவிடேன்" என்பாள்.

அண்ணி வாஷிங் மிஷின் ரிப்பேர் செய்கிறவள். சொந்தமாக ஒரு பழைய வேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். "மிஷின் ஆடுது", "மிஷின் அழுவுது", "மிஷின் மேல பேய் வந்திருக்கு" என்று ஊரே அவள் காதில்தான் புலம்பும். அவள் எழுதிக்கொடுக்கும் சீட்டை வாங்கிக்கொண்டு ஆண்கள் கிளம்புவார்கள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்க, இவள் பட்டறைக்குப் போய் மிஷினைத் திறப்பாள். அப்படிக் கற்ற வேலைதான். ஒருநாள் மேனேஜரிடம் போய், "என்னையும் ரிப்பேருக்கு அனுப்புங்க சார்" என்று கேட்டிருக்கிறாள்.

"நீ போனை எடும்மா. ஸ்பேனர் எடுக்க இங்கே ஆள் இருக்கு" என்றாராம் அவர்.

அந்த மாதமே வேலையை விட்டு, சேமிப்பை வழித்துத் துடைத்து வேனை வாங்கினாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நாற்காலியைக் காலியா வச்சிருக்கேன், எப்ப வேணா திரும்பி வரலாம்" என்று வழியனுப்பினார். அந்தச் சிரிப்பை அண்ணி மறக்கவில்லை. அதைக் கேள்விப்பட்ட நானும் மறக்கவில்லை. நான் அண்ணியோடு கட்சி சேர்ந்தது அன்றைக்குத்தான்.

நாலு வருஷம் வேன் நன்றாகத்தான் ஓடியது. பிறகுதான் பெட்ரோல் விலை ஏணியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அண்ணியின் வேலையில் ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போக வேண்டும். என்ன கோளாறு என்று பார்க்க ஒரு தடவை, சாமானோடு போய் மாட்ட இன்னொரு தடவை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி இல்லை, அண்ணியின் பிழைப்பு என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை டேங்க்கை நிரப்பினால் வியாழக்கிழமை மறுபடி என் முன்னால் வந்து நிற்பாள்.

என் அண்ணன் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறவன். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் தூக்கம் வராது அவனுக்கு. ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"யானையைக் கட்டித் தீனி போடுற கதையா இருக்கு. தண்ணி கேன் வியாபாரி வேனைக் கேக்குறாரு. நல்ல மனுஷன். குடுத்துடலாம்."

"குடுத்துட்டு?"

"பழைய வேலைதான் இருக்கே."

அண்ணி கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாரானேன். ஆனால் அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு மாசம் குடுங்க. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு டேங்க்கை நிரப்புவேன். அடுத்த திங்கள் ஆறு மணி வரைக்கும் ஒரு சொட்டு போட மாட்டேன். நாலு வாரம். ஒரு வாரம் தவறினாலும் சாவியை நானே அவர் கையில குடுக்குறேன். உங்க தங்கச்சி பங்க்லதானே இருக்கா, அவளே சாட்சி."

நாத்தனாரை நடுவராக உட்காரவைத்த அண்ணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் வாரம் வேனைக் காலி செய்தாள். நானும் கூட நின்றேன். என்றைக்காவது உதவும் என்று போட்டுவைத்திருந்த செத்த மோட்டார்கள் மூன்று வெளியே வந்தன. மிஷின் சுற்றும்போது குதிக்காமல் இருக்க அதன் வயிற்றில் ஒரு கான்கிரீட் கட்டியை வைத்திருப்பார்கள். அப்படி ஒரு கட்டி, ஒரே ஆளால் தூக்க முடியாத கனம், இரண்டு வருஷமாக வேனில் சும்மா பயணம் செய்திருக்கிறது. அதற்கும் பின்னால் துணியில் சுற்றி இன்னொன்று இருந்தது. என் தையல் மிஷின்! பழுது பார்க்கக் கொடுத்து நானே மறந்துபோனது. நான் பார்க்காத தெருவையெல்லாம் அது பார்த்திருக்கிறது.

"எல்லாரும் ஓசிலதான் சுத்தியிருக்கீங்க" என்றாள் அண்ணி, மோட்டாரையும் என்னையும் ஒரே பார்வையில் பார்த்து.

அடுத்ததாக ஊரைப் பங்கு போட்டாள். செவ்வாயும் வெள்ளியும் பாலத்துக்கு அந்தப் பக்கம், மற்ற நாள் இந்தப் பக்கம். யார் கெஞ்சினாலும் கிழமை மாறாது. கோபித்துக்கொண்டு சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு பேட்டைக்குப் போனால் நடுவில் எங்காவது வேனை நிறுத்திவிட்டு, சக்கரம் வைத்த பயணப் பெட்டியில் கருவிகளைப் போட்டு இழுத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தாள். "ஊருக்காம்மா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஆமாங்க, உங்க ஊருக்குத்தான்" என்று பதில் சொன்னாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தை போன்தான். முதல் தடவை பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டாள். "மிஷினை ஓட விட்டு, போனை அது பக்கத்துல காட்டுங்க" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கீச்சென்றால் பெல்ட். லாரி ஏறுகிற மாதிரி உறுமினால் பேரிங். சத்தம் இருந்து தண்ணீர் இறங்காவிட்டால் அடைப்பு. கேட்டு முடித்து, அதற்கான சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே தடவையில் போய் முடித்துவிட்டு வருவாள். ஆறு வருஷம் எந்தக் காதில் ஊரின் புலம்பல் விழுந்ததோ அந்தக் காதேதான் இப்போது அவளுக்குச் சோறு போட்டது. போனை எடும்மா என்று சொன்ன மேனேஜருக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

மூன்று வாரம் தாண்டியது. மூன்று திங்களும் சரியாக ஆறு மணிக்கு வந்தாள். நான் ஏணியிலிருந்து இறங்கும்போதே கையை ஆட்டுவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை வந்தது வினை. பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊரின் கடைசியில் ஒரு வீடு. போனில் கடகடவென்று அப்படி ஒரு சத்தம். பேரிங் நொறுங்கியே போய்விட்டது என்று அண்ணி முடிவு கட்டினாள். கனத்த சாமான்களை ஏற்றிக்கொண்டு போனாள். போய் மிஷினைப் போட்டுப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. லேசாக ஆடியது, அவ்வளவுதான். ஒரு காலின் திருகை இறுக்கினால் போதும்.

"நேத்து சத்தம் வந்துச்சேம்மா" என்றார் அந்த வீட்டுக்காரர்.

"போனை எங்கே வச்சுக் காட்டினீங்க?"

"மிஷின் மேலதான். நீங்கதானே பக்கத்துல காட்டச் சொன்னீங்க?"

மிஷின் மூடியின் மேல் போன் குதித்த சத்தத்தைத்தான் அண்ணி பேரிங் என்று நினைத்திருக்கிறாள்! போனுக்கு வைத்தியம் பார்க்க ஊர்க்கோடிக்குப் போன ஒரே மெக்கானிக் உலகத்தில் என் அண்ணிதான். வீட்டுக்கு வந்து அவளே சொல்லிச் சிரித்தாள். ஆனால் டேங்க் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. திங்களுக்கு இன்னும் இரண்டு முழு நாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அண்ணியும் வண்டியை எடுக்கவில்லை. பத்து மணிக்குப் போன் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து, சலவை அறையில் வேலை செய்யும் அம்மா பேசினாள். பெரிய மிஷின் நின்றுவிட்டது. நாற்பது கட்டில் விரிப்பு நனைந்து கிடக்கிறது. மாற்றுவதற்கு வேறு இல்லை.

அண்ணி ஒரு கையில் போனைப் பிடித்தாள். மறு கையால் ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்தாள். அண்ணன் அதைப் பார்த்தான்.

"போய்ட்டு வந்தா டேங்க் காலி. பெட்ரோல் போட்டுத்தான் ஆகணும். தெரியும்ல?" என்றான்.

"தெரியும். போன்ல சரியாகலைன்னா கிளம்பிடுவேன். வயசானவங்க நாப்பது பேர் ஈரத்துல படுக்க முடியாது. வேன் போனா போகட்டும்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான் அவள் கருவிப் பெட்டியை வாசலுக்கு இழுத்து வைத்தேன்.

"அம்மா, ஒரு துண்டை எடுங்க. போனை அதுல சுத்திக் கையில பிடிங்க. மிஷின் மேல மட்டும் வைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்ப ஓட விடுங்க."

நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக் கேட்டோம். "உம்ம்" என்று ஒரு முனகல். வேறெதுவும் இல்லை.

"தண்ணி இறங்குதாம்மா?"

"எங்கே இறங்குது? குளமாட்டம் நிக்குது."

அண்ணி கண்ணைத் திறந்தாள். "முதல்ல கரண்ட்டை நிறுத்துங்க. கீழே வலது பக்கம் ஒரு சின்ன மூடி தெரியும் பாருங்க. அதுக்கு அடியில ஒரு தட்டை வைங்க. இடது பக்கமா மெதுவாத் திருப்புங்க. மெதுவா. தண்ணி தட்டுல நிறைஞ்சதும் மூடிடுங்க, ஊத்திட்டு மறுபடி திறங்க."

தட்டு பதினேழு தடவை நிறைந்தது. அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு தடவையும், "அப்படித்தான், உங்க கைக்கு நல்லா வருது" என்றாள் அண்ணி. சாவி மட்டும் அவள் விரலில் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பக்கம் ஒரு கூச்சல்.

"ஐயையோ, பல்லு!"

"என்னது?"

"கட்டுப்பல்லும்மா! மாடி அறைப் பெரியவரோடது! மூணு நாளா ஆளாளுக்கு மேல சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தாரு!"

மூடியைப் போட்டு மிஷினை ஓட விட்டதும் தண்ணீர் இறங்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. எவ்வளவு தரணும் என்று அந்த அம்மா கேட்டதற்கு, "ரிப்பேர் பண்ணது நீங்கதானே? எனக்கு எதுக்கு?" என்று வைத்துவிட்டாள் அண்ணி. சாவி ஆணிக்குத் திரும்பியது. அண்ணன் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் செய்தான்.

திங்கட்கிழமை விலை மறுபடி ஏறியிருந்தது. நான் ஏணியில் நின்று ஒரு தகட்டைக் கழற்றியிருந்தேன். தெருமுனையில் அண்ணியின் வேன் திரும்பியது. சத்தமே இல்லை. ஓட்டுகிற இடத்தில் ஆளும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் பார்த்தேன், திறந்த கதவைப் பிடித்துத் தள்ளியபடி அண்ணி ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு வருகிறாள். வேனுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை ஏறி இறங்குகிறது. ஆஸ்பத்திரிச் சீருடையில் என் அண்ணன்!

தகட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அம்மியே வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"வழியில நின்னுடும்னு தெரியும். தள்ள ஆள் வேணும்ல, அதான் கூடவே வந்தேன்" என்றான் மூச்சு வாங்க. "மணி என்ன?"

"ஆறாக எட்டு நிமிஷம் இருக்கு. பரவாயில்ல அண்ணா, உள்ளே கொண்டு வா."

"எட்டு நிமிஷமா? அப்ப இங்கேயே நிக்கட்டும். நாளைக்கு எவனும் ஒரு சொல் சொல்லக் கூடாது."

பங்க் வாசலுக்குப் பத்தடி தள்ளி வேனை நிறுத்தினோம். பின்கதவைத் திறந்து மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். உள்ளே காலியாக இருந்ததால் தாராளமாக இடம் இருந்தது. அண்ணி துப்பட்டாவால் அண்ணனின் நெற்றியைத் துடைத்தாள்.

"தண்ணி கேன்காரர் இன்னிக்கு வருவாரே?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் அது நான் இல்லையே.

"வரமாட்டாரு. சனிக்கிழமையே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வண்டிக்காரி விக்கமாட்டாளாம்னு."

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "சனிக்கிழமையேவா? அப்புறம் எதுக்கு என்னை நேத்து முழுக்க அந்த முள்ளையே பார்த்துக்கிட்டு இருக்க விட்டீங்க? இப்ப எதுக்கு இந்தத் தள்ளு?"

அண்ணன் காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"நான் விட்டுக் குடுத்ததா இருக்கக் கூடாது. நீ ஜெயிச்சதா இருக்கணும்" என்றான்.

ஆறு அடித்தது. நான் போய்ப் பில் மேஜையில் உட்கார வேண்டியவள், முதல் வண்டிக்கு நானே பெட்ரோல் போட்டேன். பங்க் மேனேஜர் வந்து, பலகையில் பாதி விலைதான் இருக்கிறது, மீதி எங்கே என்று கத்தினார். மீதி என் கையில் இருந்தது.