மாடி பஸ்ஸின் சத்தமும் சேனாதிபதியின் இடது காதும்

பண்ணைக்காட்டு சேனாதிபதிக்குப் பேயிடம் பயமில்லை. காட்டெருமையிடம் பயமில்லை. மலைப்பாதை வளைவில் எதிரே ஏறிவரும் வெளியூர் வேனிடம்கூட அவ்வளவாகப் பயமில்லை. ஐம்பது வயதைத் தாண்டி அவர் பயப்பட ஆரம்பித்தது ஒரு சத்தத்துக்கு. அது பஸ்ஸிலிருந்து வருகிறதா, தன் காதுக்குள்ளிருந்தே வருகிறதா என்பது அவருக்குத் தெரியவில்லை. பயமே அதுதான்.

பாதி ஆயுளை அவர் வத்தலக்குண்டுக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே ஒரு டீசல் பஸ்ஸில் டிரைவராகக் கழித்தவர். கூரையில் வாழைத்தார், உள்ளே காப்பி மூட்டை, இடது கைப்பக்கம் எஞ்சின். பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி அந்த எஞ்சின் ஓயாமல் கத்தும். கத்திக் கத்தி இடது காதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டது. படுக்கையில் சாய்ந்தால் காதில் 'ஞொய்' என்று ஓர் இரைச்சல். டாக்டரிடம் காட்டச் சொல்லி மனைவி முருகேஸ்வரி நச்சரித்தாள். டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

போன வருஷம் ஒரு கம்பெனி கொடைக்கானலுக்கு மாடி பஸ் கொண்டுவந்தது. மலையே ஒரு மாடிதானே, அதற்கு மேல் எதற்கு இன்னொரு மாடி என்று யாரும் கேட்கவில்லை. கரண்டில் ஓடுவது. அதற்கு சேனாதிபதி டிரைவர். 'சத்தமே இல்லாத பயணம்' என்று பக்கவாட்டில் எழுதியிருந்தார்கள். எஞ்சின் சத்தம் இல்லாமல் போனதும், இத்தனை காலம் அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த மற்ற எல்லாம் பேச ஆரம்பித்தன. மேல்மாடி சீட்டுகள் கடகடத்தன. படிக்கட்டுக் கம்பி பல்லைக் கடித்தது. முன்னாலிருக்கும் ஸ்க்ரீன் காரணமில்லாமல் 'பீப்' என்றது. சில நாள் நடுரோட்டில் தலைதீபாவளி மாப்பிள்ளை போல முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். செல்போனைச் செய்வதுபோல் அணைத்துப் போட்டால் கிளம்பும்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது, தூண் பாறையிலிருந்து ஏரிக்கு இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தால் கேட்கும் அந்தச் சத்தம். மெல்லிசாக ஒரு 'கீ...'. அதுவும் இடது பக்கத்திலிருந்து. பஸ்ஸில் என்றால் பின்னால் இரண்டு மாடி நிறைய மனிதர்கள். காதில் என்றால் இந்த வேலை, லைசென்ஸ், எல்லாம் போய்விடும். பஸ்ஸை நிறுத்தி அணைத்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். அணைத்த பிறகும் அந்த பஸ் அடிவயிற்றில் ஏதோ ஒரு ஃபேனை ஓட்டிக்கொண்டு முனகியது. ஒன்றும் பிடிபடவில்லை.

கண்டக்டர் ஷர்மிளாவிடம், சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"எறக்கத்துல ஏதும் சத்தம் கேக்குதாம்மா?"

"அதெல்லாம் ஒரு சத்தமும் இல்லண்ணே. புது வண்டில்ல."

அப்படியென்றால் காதுதான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூண் பாறையில் மஞ்சு மூடிப் பாறையைக் காணோம். ஒன்றும் பார்க்காமலே செல்ஃபி எடுத்துக்கொண்ட கூட்டம் பஸ்ஸில் ஏறி நிறைந்துவிட்டது. படிக்கட்டோரம் ஓர் அம்மாள் ஷர்மிளாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, வரும்போது ஒரு எறக்கத்துல கீச்சு கீச்சுன்னு கத்துச்சே, என்ன அது?"

"அதெல்லாம் ஒரு சத்தமும் இல்லீங்க. புது வண்டில்ல."

அதே வார்த்தை, அதே ராகம். சேனாதிபதி சீட்டிலிருந்து மெல்ல இறங்கி வந்தார்.

"ஷர்மிளா, உனக்குக் கேக்குதா, கேக்கலையா?"

"கேக்குதுண்ணே. ஒரு வாரமா கேக்குது."

"அன்னிக்கு இல்லேன்னியே."

"யாரு கேட்டாலும் அப்படித்தான சொல்லச் சொல்லி ட்ரெய்னிங் குடுத்தாங்க. வாயில தானா வந்துருச்சு."

காது தப்பித்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் நின்றது. அடுத்த மூச்சில், அப்படியென்றால் பிரேக் என்று உறைத்தது.

மேனேஜர் குமரகுருவுக்கு போன் போட்டார்.

"ஸ்க்ரீன்ல சிவப்பு லைட் எரியுதாண்ணே?"

"இல்ல சார். ஆனா சத்தம் வருது."

"டபுள் டெக்கர்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். வெரசா வாங்க, கீழ ஆளு நிக்குது."

சேனாதிபதி மஞ்சைப் பார்த்தார். அதற்குள் எங்கோ இறக்கம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், எனக்குக் காது சரியில்ல. இடது காது கேக்க மாட்டேங்குது."

குமரகுரு உடனே கட்டளை போட்டார்.

"சீட்டுல உக்காராதீங்க. சாவியை ஷர்மிளாட்ட குடுங்க. வேற டிரைவர், நம்ம ஆனந்தை அனுப்புறேன்."

வண்டிக்கு வந்த சீக்கை நம்பாத ஆபீஸ், டிரைவருக்கு வந்த சீக்கை உடனே நம்பியது. அதோடு பஸ் நின்றுவிடும் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆனந்த் ஜீப்பில் இத்தனை சீக்கிரம் வந்து குதிப்பான் என்று நினைக்கவில்லை.

"தம்பி, எடுக்காத. பிரேக்குல சத்தம் கெடக்கு."

ஆனந்த் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "அண்ணே, ஒங்களுக்குத்தான் காது போச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் எப்படிச் சத்தம் கேக்கும்? வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க."

சொன்ன பொய் அவர் வாயையே அடைத்துவிட்டது. இனி அவர் எந்தச் சத்தத்தைச் சொன்னாலும் செவிட்டுக் கதைதான். ஆனந்த் சீட்டில் ஏறி சாவியைப் போட்டான். மேல்மாடியில் யாரோ பாட்டுப் போட்டார்கள், பிள்ளைகள் கை தட்டினார்கள். பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கலாமா என்று சேனாதிபதிக்குத் தோன்றியது. நிற்கவும் பயமாக இருந்தது, அந்தப் பிரேக்கை நம்பி யார் முன்னால் நிற்பது.

கண்டக்டர் விசில் கொடுக்காமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்துவதில்லை. ஆனந்த் காத்திருந்தான். ஷர்மிளா விசிலை உதட்டருகே கொண்டுபோனாள். கொண்டுபோனபடியே நின்றாள்.

"விசில் குடுக்கா."

"மாட்டேன். எனக்கும் கேட்டுச்சு. எனக்குக் காதுல ஒண்ணும் இல்ல."

"ஒன் சோலியும் போயிரும்க்கா."

"போவட்டும். நீ எறங்கு." படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் எறங்குங்க. பிரேக் சரியில்ல."

பிரேக் என்ற சொல்லுக்குப் பாட்டு நின்றது. பிறகு வசவு ஆரம்பித்தது. ஏமாற்றுக்காரக் கம்பெனி என்றார்கள், டிக்கெட்டைத் திருப்பிக் கொடு என்றார்கள். திட்டிக்கொண்டே எல்லோரும் ஆனந்துக்கு முன்னால் இறங்கிவிட்டார்கள் என்பதுதான் விசேஷம். கடைசியாக ஆனந்தும் இறங்கினான், யாரையும் பார்க்காமல்.

டாக்ஸிக்காரர்கள் கொஞ்சம் பேரை அள்ளிக்கொண்டார்கள். மீதிப் பேர் நடந்தார்கள். சேனாதிபதி நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார். போதாது என்று பெரிய கல்லாக இன்னும் இரண்டு உருட்டி வந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது, குமரகுரு, எடுக்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் கடைசி ஆளாக அவர் நடந்தார். பஸ் மேலே மஞ்சுக்குள் மறைந்துவிட்டது. கல் நிற்குமா, நழுவுமா என்று எப்படித் தெரியும். ரோட்டின் ஓரத்துக்கு, இன்னும் ஓரத்துக்கு என்று எல்லோரையும் ஒதுக்கிக்கொண்டே, நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி இறங்கினார்.