தலையை மூடிக்கொண்டு கேட்ட பாட்டு

அந்த அரபு நாட்டுப்புறப் பாடகர் போன மாதம் இறந்துபோனார். செய்தியைப் போனில் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அம்மாவின் வீங்கிய கால்கள்தான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி தோலுக்குப் பசை தடவிவிட்டு வருவாள் அம்மா. குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டி, அரபு பேசவும் பழகியிருந்த அப்பா இரண்டு மாத லீவில் வந்திருந்தார். கூடவே அந்தப் பாடகரின் கேசட் ஒன்றும் வந்தது. சாயங்காலமானால் அதைப் போடுவார். உடனே அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு எழுந்து நிற்பாள். எங்கள் தெருவில் அந்த மொழி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மட்டும்தான் கேட்கும். அரபு என்றால் ஓதுவதாகத்தானே இருக்க வேண்டும்? சந்தேகத்துக்கு எதிர்வீட்டு பாயம்மாவிடம் கேசட் அட்டையைக் காட்டினாள்.

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன்மா, அர்த்தம் தெரியாது. எதுக்கும் தலைய மூடிக்கோ" என்றார் பாயம்மா, தன் முக்காட்டையும் இழுத்துவிட்டுக்கொண்டு.

அப்பா இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பாரே தவிர, வாய் திறக்க மாட்டார். என்னிடம் மட்டும் வந்த அன்றே கதையைச் சொல்லிவிட்டார். அந்தப் பாடகரும் லாரி ஓட்டியவராம். அலுப்புத் தீர டீக்கடை ஓரம் பாடியதை யாரோ பதிவு செய்ய, அது லாரி லாரியாகப் பரவி, அவரைப் பணக்காரக் கல்யாண மேடைகளில் ஏற்றிவிட்டது. குரல் போன பிறகும் ஜனங்கள் அதே பாட்டைத்தான் கேட்டார்கள். விளக்கை அணைத்துவிடு, கதவைச் சாத்திவிடு, நான் வரமாட்டேன். பாட்டு இவ்வளவுதான்.

"ஊருக்குப் போவணும்னு சொல்லிச் சொல்லியே போவாத மனுசன்" என்பார் அப்பா. அதில் அவருக்கு என்ன பெருமையோ.

அம்மாவுக்கு ஒரே வேண்டுதல்தான், அப்பா திரும்பிப் போகக் கூடாது. வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர் தேவை என்று தெரிந்து, சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்திருந்தாள். அப்பா "பாக்கலாம்" என்பதோடு சரி. பாட்டு ஓடும்போது அம்மா இந்த வேண்டுதலைத்தான் முணுமுணுப்பாள். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, காது கேட்டால் போதும் அவளுக்கு.

ஒருநாள் அப்பா கேசட்டை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். ஓவர்டைம் முடிந்து வந்த அம்மா, பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

"உக்காரும்மா. இது சாமி பாட்டு இல்ல, லாரிக்காரர் பாட்டு. நான் வரமாட்டேன், வெளக்க அணைச்சிடுன்னு பாடுறாரு."

"இன்னா சொல்ற? யார் சொன்னது உனுக்கு?"

"அப்பாதான்."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே."

அம்மா நழுவிய முந்தானையை மறுபடி தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பாட்டு முடியும்வரை நின்றாள்.

இவ்வளவு சொல்லியும் நம்பவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மறுநாளே அவள் சூப்பர்வைசரிடம் போய், பஸ்ஸுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.