அமெரிக்கப் பேய்க்கு ஒரு குடை

கதையையும் அதை வைத்து எடுத்த சினிமாவையும் ஒப்பிட்டுப் பாடம் நடத்துவது, சாப்பிட்டுக் கை கழுவியவர்களுக்கு மறுபடி பந்தியில் இலை போடுகிற வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறையில் நான் அந்த இலையைத்தான் வருஷா வருஷம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய அமெரிக்கப் பேய்க்கதைகள், அவற்றின் நாடக வடிவங்கள், சினிமாக்கள் என்று ஒரு விருப்பப் பாடம். புத்தகம் படித்துவிட்டு சினிமாவுக்குப் போய், "இது கதையில் இல்லை" என்று முணுமுணுத்து, பக்கத்து சீட்காரரிடம் முறைப்பு வாங்கிய அன்பர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்?

இங்கே வருவதெல்லாம் ஒரே கதைதான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் சினிமாவைப் பார்த்துவிட்டுக் கதை படித்ததாகச் சாதிப்பீர்கள். பனி கொட்டும் ஊர். புயலில் போன கணவன் திரும்பவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் யாரோ பூட்ஸைத் தட்டிப் பனியை உதறுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. மனைவி கதவைத் திறப்பதில்லை. ஒரு நாள் மேஜையில் இரண்டாவது தட்டை எடுத்து வைக்கிறாள். கதை முடிந்தது. பேய் கடைசிவரை வருவதே இல்லை. சினிமாவிலோ கதவு திறக்கிறது, பேய் வருகிறது, வீடு பற்றி எரிகிறது.

பார்த்தாச்சு மிஸ்

வகுப்பில் என் சட்டம் ஒன்றே ஒன்று. முதலில் கதை, அப்புறம்தான் சினிமா. கதை எட்டுப் பக்கம். கல்யாணப் பத்திரிகையை விடக் கொஞ்சம்தான் பெரிது. படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பார்த்தவர்கள் என்றதும் வகுப்பு முழுக்கக் கை.

கழக்கூட்டத்தில் அண்ணனோடு ஃப்ளாட்டில் தங்கியிருக்கும் அருண் கூடுதலாக ஒரு விளக்கமும் தந்தான். சினிமாவைக்கூட அவன் முழுசாகப் பார்க்கவில்லையாம். வேகத்தைக் கூட்டி ஓட்டியிருக்கிறான். அந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருக்கிற காட்சிகளெல்லாம் சட்டென்று போய்விட்டனவாம். அவள் சும்மா உட்கார்ந்திருப்பதுதானப்பா கதையே என்றேன். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான்: "பேய் வர்ற எடத்துல மட்டும் நார்மல் ஸ்பீட் வெச்சேன் மிஸ்."

மறுமதிப்பீடு

உள்தேர்வில் ஒரு கேள்வி: கதையின் முடிவில் அவள் ஏன் இரண்டாவது தட்டை வைக்கிறாள்? ஒரு பெண் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், வீடு எரிந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். நெருப்பை நன்றாகவே வர்ணித்திருந்தாள். ஆனாலும் பூஜ்யம் போட்டேன். அவள் துறைத் தலைவரிடம் முறையிட்டாள். அவர் விடைத்தாளை வாங்கிப் படித்து முழு மதிப்பெண் போட்டுவிட்டார். அவரும் சினிமாதான் பார்த்திருக்கிறார்!

துறைத் தலைவர் ராஜசேகரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் போலவே கோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மனைவி தவறிய பிறகு மூன்று வேளையும் கேன்டீனில்தான் சாப்பாடு. நல்ல மனிதர்தான். ஆனால் என் பாடத்தில் சேர ஆள் குறைந்துகொண்டே போகிறது, இந்த வருஷமும் இப்படியே இருந்தால் அதை எடுத்துவிட்டு உங்களுக்கு வணிகக் கடிதம் எழுதும் பாடம் தந்துவிடுவேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்' என்று மிச்ச ஆயுளை ஓட்டுவதை நினைத்தாலே எனக்குப் பயம். அந்தப் பயத்தையும் மீறி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கடைசிப் பக்கத்தைக் காட்டி, தீ கதையில் இல்லை சார் என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு சொன்னார்: "கதை எழுதின ஆளுக்கு பட்ஜெட் இருந்திருக்காது டீச்சரே."

வீட்டிலும் விடவில்லை

நாடக வடிவம் இன்னொரு தலைவலி. அதில் கதையில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வருவாள். காட்சிக்குக் காட்சி உள்ளே நுழைந்து, என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று சபைக்கு ஒப்பிப்பாள். அதன் வீடியோ பதிவு ஒன்றை ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தேன். என் கணவரும் கூட உட்கார்ந்தார். இந்த வாயாடி கதையில் இல்லை, இந்த விளக்கு கதையில் இல்லை, இந்த அழுகையும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்: "அந்தப் பக்கத்தாத்து மாமியே தேவலை, அவ அப்பப்போ உள்ள போயிடறா."

பனிக்கு எங்கே போவது

பாடத்தைக் காப்பாற்ற ஒரே வழி, கல்லூரி விழாவில் அந்தக் கதையை நாங்களே நாடகமாகப் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன். கதையில் இருப்பது மட்டும்தான் மேடையில் வரும், கதவு திறக்காது, பேய் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அருண் மனசுடைந்து போனான். வெள்ளைப் புடவையில் ஒரு யட்சியாவது வேண்டாமா என்று கேட்டான். அவள் குடியிருக்க ஒரு பாலைமரமும் கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டு, அவனைத் திரை இழுக்கப் போட்டேன்.

ஆனால் பனிக்கு என்ன செய்ய? இந்த ஊரில் பூட்ஸைத் தட்டினால் யாருக்குப் புரியும்? கதாநாயகி ரேஷ்மாதான் வழி சொன்னாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து விழிஞ்ஞத்தில் குடியிருக்கும் வீட்டுப் பெண். இங்கே ஆள் வீடு திரும்பினால் முதலில் கேட்பது வாசலில் குடையை உதறுகிற சத்தம்தானே மிஸ், அதை வையுங்கள் என்றாள். கதையில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு வழி தெரியாததால் மூடிக்கொண்டேன். அப்போதும் விடியவில்லை. பிள்ளைகளின் மடக்குக் குடைகளை உதறினால் சத்தமே எழும்பவில்லை. வளைந்த பிடி வைத்த பழைய நீளக் குடை வேண்டும். கல்லூரியிலேயே அது இருந்தது ராஜசேகரன் சாரிடம்தான். தயங்கித் தயங்கிப் போய் இரவல் கேட்டேன். குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்: "இதை யாருக்கும் தரதில்லை, வேணும்னா நானே வந்து உதறித் தரேன்."

கதவு

விழா நாள். செட் கதவுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துறைத் தலைவர் கையில் ஈரக் குடையோடு நின்றார். நான் பக்கவாட்டில் புத்தகத்தோடு நின்றேன். எல்லாம் வரிக்கு வரி சரியாகப் போனது. குடைச் சத்தம் கேட்டபோதெல்லாம் அரங்கம் மூச்சை அடக்கியது. ரேஷ்மா இரண்டாவது தட்டை எடுத்தாள். திரை விழ வேண்டிய நேரம். வேர்க்கிறது என்று யாரோ புண்ணியவான் பெரிய ஃபேனை மேடைப் பக்கம் திருப்பிவிட்டார். செட் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. திறக்காத கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? கதவு அகலத் திறந்துகொண்டது. வாசலில், பாதி விரித்த குடையோடு ராஜசேகரன் சார்.

விசில் பறந்தது. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. திரையை இழுக்க வேண்டிய அருண் கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். என் பாடம் அத்தோடு போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்பு குறைவது தெரிந்து திறந்தேன். ரேஷ்மா தட்டை மேஜையில் வைத்துவிட்டு, அவசரமில்லாமல் வாசலுக்குப் போனாள். அவர் கையிலிருந்து குடையை வாங்கி, வெளிப்பக்கம் ஒருமுறை உதறி, மடக்கி, சுவரோரம் சாய்த்து வைத்தாள். ஓடி ஒளிய வேண்டிய மனிதர் மெதுவாக உள்ளே வந்து, அந்த இரண்டாவது தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. நான் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். இத்தனை வருஷம் நான் மூடி வைத்திருந்த கதவு, திறந்தும் கதை கெடவில்லை என்பதில் எரிச்சலாகவும் வந்தது.

மறுவாரம் என் பாடத்தில் சேர, பெஞ்ச் போதாத அளவுக்குக் கூட்டம். ராஜசேகரன் சாரே என் மேஜைக்கு வந்து, பாடம் தொடரும், அடுத்த வருஷமும் இதே நாடகம் போடலாம், கதவை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார். இது கதையில் இல்லை சார் என்று சொல்லப் போனேன். அவர் குடையின் பிடியைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என் கையிலேர்ந்து குடைய ஒருத்தர் வாங்கி வெச்சு எத்தனையோ நாளாச்சு டீச்சரே."

இப்போதெல்லாம் விடைத்தாளுக்கு விடைத்தாள் அந்த அமெரிக்கக் கணவன் கொட்டும் பனியில் குடையோடுதான் வீடு திரும்புகிறான், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன்.