மணிக்கட்டுக்குள் இருந்த சிவப்பு

ஒரு கிருத்திகை நாளில் குளியலறைக்குள்ளிருந்து கதவு தட்டப்பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தட்டியவர் என் கணவரின் அண்ணி. அதே வீட்டின் மூத்த மருமகள் என்பதால் அக்கா என்றே அழைப்பேன். மலைக் கோயிலுக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடத்தை நிறைத்திருந்தார்கள். நான் தனியாக அடுப்படியில் வெந்துகொண்டிருந்தேன். "தாழ்ப்பா தொறக்க வரலம்மா, விரல் மடங்க மாட்டேங்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வேலைக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்று நினைத்தேன். சாம்பாரை இறக்கி, அப்பளமும் பொரித்த பிறகுதான் போனேன். அதற்குள் எப்படியோ முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்து, ஈரப் புடவையோடு வெளியே நின்றிருந்தார்.

அவருக்கு முடக்குவாதம் என்று தெரிந்து அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரையில் வீக்கம் வற்றியது, ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது. அந்த ஒரு தாளை வைத்து வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து அவரைக் குணமாக்கிவிட்டோம். "ரிப்போர்ட்டு நல்லாதானே கீது, இன்னும் இன்னா வலி?" என்பார் மாமியார். நான் இன்னும் மோசம், அக்கா நடிக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். மெல்ல அவர் வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். தோசைக் கரண்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கித் திருப்புவார். யாராவது வந்தால் அவசரமாகக் கீழே வைத்துவிடுவார். வெளியே போக்கிடம் இல்லை, உள்ளே நம்ப ஆள் இல்லை.

அடுத்த முறை சென்னை டாக்டரிடம் துணைக்குப் போக வேண்டியவள் நானானேன். ரயிலில் போனோம். டாக்டர் விரல்களை அழுத்திப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கர்ப்பத்துக்கு எடுக்கும் அதே ஸ்கேனைக் கைக்கும் எடுப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். குளிர்ந்த பசையைத் தடவி மணிக்கட்டில் கருவியை வைத்ததும், சாம்பல் நிறத் திரையில் எலும்புகளுக்கு நடுவே சிவப்பு விட்டுவிட்டுத் துடித்தது.

"ரத்த டெஸ்ட்ல தெரியல. ஆனா இந்தச் சிவப்பப் பாருங்க, உள்ள அழற்சி அடங்கவே இல்ல, எலும்பை அரிக்க ஆரம்பிச்சிருக்கு. இவங்களுக்கு நல்லா வலிச்சிருக்குமே, ஏன் யாரும் சொல்லல?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். அக்கா திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்தை மாற்றினார்கள். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சிவப்பு பாதியாகியிருந்தது. போன மாதம் ஒரு புள்ளிதான் மிச்சம். ஆனால் அரிபட்டது அரிபட்டதுதான். வலது கையில் இரண்டு விரல்கள் கோணியபடியே நின்றுவிட்டன.

அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ரயில் மணவூரைத் தாண்டியதும், இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "அப்பவே எங்ககூட ஏங்க்கா நீங்க சண்ட போடல?"

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் சொல்லச் சொல்ல, நெஜமாவே நடிச்சிகினுதான் இருக்கேனோன்னு எனக்கே தோணிப்போச்சும்மா. டாக்டரு சொன்னப்போகூட நம்பல. உன் மூஞ்சி வெளுத்துது பாரு, அப்பதான் எனக்கு வலிக்குதுன்னு நானே நம்பனேன்."