நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

அல்வாலில் எங்கள் சபைப் போதகர் தமிழில் பிரசங்கிப்பார். பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தெலுங்கில் சொல்வது என் ஊழியம்.

மகள் இறந்தபின், செத்துப்போன லாசருவை இயேசு எழுப்பிய அதிகாரத்தையே தினமும் வாசித்தேன். அவன் எழுந்தான், என் பிள்ளை எழவில்லை. வாசிக்க வாசிக்கக் கோபம்தான் வந்தது.

ஒரு ஞாயிறு போதகர் அதே அதிகாரத்தை எடுத்தார். "எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அவரும் அழுதாருங்க," என்றார். அத்தனை நாள் வாசித்தும் அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை. வாயைத் திறந்தேன், தெலுங்கு வரவில்லை. போதகர் காத்திருந்தார்.

"ஆயன கூடா ஏட்சாரு."

பெண்கள் பக்கமிருந்து அதைத் தெலுங்கில் சொன்னது, அடக்கத்துக்குப் பிறகு யாரிடமும் பேசாதிருந்த என் மனைவி.

இப்போது இருவரும் சேர்ந்துதான் வாசிக்கிறோம். அந்த வசனத்தை அவள் வாசிப்பாள். அதற்குமேல் இன்னும் எங்களால் போக முடியவில்லை.