பாய் புதைத்த கரி

சலீம் பாய் தவறிய செய்தி வந்தபோது நான் மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் முடிந்திருந்தது. மகள் போனை நீட்டி, "அப்பா, பாய் போய்ட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே ஆம்பூர் பஸ் ஏறிவிட்டேன். ஜனாஸா ஊர்வலத்தில் பாதி மீசை கறுப்பாக, பாதி வெள்ளையாக ஒருவன் நின்றானே என்று கேட்டவர்களுக்கு: அது நான்தான்.

அவரும் நானும் தோல் பதனிடும் ஒரே டேனரியில் பாய்லர் பார்த்தவர்கள். பிறகு மாதனூர் பக்கம் டேனரி முதலாளியின் தரிசு நிலத்தில் குழி வெட்டி, வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல மரத்தைக் கரியாக்கி வயல் மண்ணில் கலக்கும் வேலையில் இறங்கினோம். "மரம் காத்துல இருக்கற கரியமில வாயுவக் குடிச்சுதான் வளருது. எரிச்சாலும் மக்கினாலும் அது மறுபடி மேல போய்டும். கரியாக்கிப் புதைச்சா ரொம்ப காலம் கீழயே கெடக்கும்" என்பார் பாய். பத்தாவதை இரண்டாம் தடவையில் தாண்டிய எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

ஒருமுறை பிரியாணி மாஸ்டர் ஒருவர் வந்து, "கல்யாண ஆர்டர் பாய். தம்முக்கு ஒரு மூட்டை கரி குடு" என்றார்.

"உன் அண்டா மேல போட்டா அது திரும்ப வானத்துக்குப் போய்டும் தோஸ்த். பிரியாணி சாப்பிட வர்றேன், கரி மட்டும் கேக்காத."

அதற்குள் மூட்டையை மாஸ்டர் வண்டியில் ஏற்றிவிட்டிருந்த புண்ணியவான் நான்தான். இறக்கியவனும் நானே.

போன மாதம் முதலாளி குழிக்கே வந்தார். தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்களாம். "எங்க பாய்லர் பொகையெல்லாம் இந்தக் கரியில சரியாய்டுதுன்னு சொல்லிடுங்க பாய். நான் இன்னொரு பாய்லர் போட்டுக்கறேன். உங்களுக்கும் இன்னொரு குழி."

கரி உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றது. அவர்கள் பிழைப்பும் என் பிழைப்பும் பாயின் பதிலில் இருந்தன.

"சரியாவல சார். நாங்க எடுக்கறது கம்மி, நீங்க விடறது ஜாஸ்தி. பாலாத்துலயும் இப்டிதான், தோல் கழுவுன தண்ணிய இப்ப விடுவோம், அப்புறம் சுத்தம் பண்ணிக்கலாம்னோம். சுத்தமும் பண்றோம். கெணத்துல உப்பு போச்சா?"

"அப்ப உங்க குழி இன்னாத்துக்கு?"

"குறைக்க முடிஞ்சதெல்லாம் குறைச்ச பிறகும் கொஞ்சம் பொகை நிக்கும். ஏற்கெனவே மேல போனது வேற இருக்கு. அதுக்குக் குழி வேணும் சார். இன்னொரு பாய்லருக்கு சாக்கா இல்ல."

முதலாளி கண்ணாடியைத் துடைத்தார். "நெலம் என்னுது பாய்."

"தெரியும் சார்." பாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழித் தணலை அணைக்கப் போனார்.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். முதலாளி பக்கத்தில் வந்தார். "வியாழக்கிழமை வர்றாங்க. பாய் இல்ல, இனிமே நீதான் சொல்லணும். சொல்லிடுவ இல்ல?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "மீசைக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

மீசைக்கு மட்டும் பதில் சொன்னேன். "சாயம் பாதியில நின்னுடுச்சு சார்."

"முதல்ல குறை, அப்புறம் புதை" என்று பாய் தினமும் சொல்வார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இந்த அஞ்சலியைப் படிப்பீர்கள். முதலாளியும் படிப்பார். அந்த மண்ணருகே அவரிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "மாட்டேன் சார்."